பி.சி.ஜி.யா, ஜெம்–டோசியா? சிறுநீர்ப்பைப் புற்று திரும்பாமல் தடுக்கும் சோதனை பற்றி ஒரு கேள்வி

வைகைக்கரை கேட்டது:

வணக்கம். தசைக்குள் இறங்காத ஹை-கிரேடு (வேகமாகப் பரவக்கூடிய) சிறுநீர்ப்பைப் புற்றைச் சுரண்டி எடுத்த பிறகு, அது திரும்பாமலிருக்க பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசியில் உள்ள, வீரியம் குறைத்த கிருமி) மருந்தைப் பைக்குள் செலுத்துகிறோம். 1976-இல் கனடாவில் மொராலெஸ் குழு வெறும் 9 நோயாளிகளை வைத்து வெளியிட்ட கட்டுரையில் தொடங்கிய வழி இது. இன்றும் முதல் தெரிவு அதுதான். ஆனால் சனோஃபியின் டொராண்டோ ஆலை 2012-இல் முடங்கி, பிறகு அங்கே தயாரான கன்னாட் வகை பி.சி.ஜி.யின் உற்பத்தியே நின்றுபோனதிலிருந்து அமெரிக்காவில் பி.சி.ஜி. தட்டுப்பாடு தீரவில்லை. அதனால் ஜெம்சைடபின், டோசிடாக்செல் என்ற இரு கீமோ மருந்துகளை அடுத்தடுத்துப் பைக்குள் செலுத்தும் அயோவா முறையை (அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக வழி, சுருக்கமாக ஜெம்–டோசி), பி.சி.ஜி.யே வாங்காத புது நோயாளிகளிடம் நேருக்கு நேர் ஒப்பிட ‘பிரிட்ஜ்’ என்ற மூன்றாம் கட்டச் சோதனையைத் தொடங்கினார்கள். எண் இ.ஏ.8212, இலக்கு 870 பேர்.

இதே சட்டகத்தில் சிறிய அளவில் ஒரு ஆய்வு நெறிமுறை எழுத வேண்டியிருக்கிறது. மூன்று சந்தேகங்கள்:

மருந்தைக் கலப்பதிலும் செலுத்துவதிலும் எதையெல்லாம் எழுத்தில் கட்டிப்போட வேண்டும்? இவ்வகைச் சோதனைகள் எங்கே கெட்டுப்போகின்றன? பி.சி.ஜி.யோடு இம்யூனோதெரபி ஊசி (உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்து) சேர்த்த சோதனைகள் வெற்றி என்று 2025-இல் செய்தி வந்ததே, பிறகு ஏன் பழைய கீமோ மருந்துகளோடு மல்லுக்கட்ட வேண்டும்?

---

ரெசெக்டோஸ்கோப் எழுதியது:

மருந்தைப் பற்றி மருந்தகத்தார் சொல்லட்டும். நான் அதற்கு முந்தைய படியைச் சொல்கிறேன். என் கணிப்பில் பாதிச் சோதனைகள் அங்கேயே கோணலாகிவிடுகின்றன.

மூன்று மாத சிஸ்டோஸ்கோப்பியில் (பைக்குள் குழாய்க் கருவி விட்டுப் பார்ப்பதில்) தெரிகிற கட்டியை ‘திரும்பி வந்தது’ என்று பதிவு செய்கிறோம். அதில் எத்தனை உண்மையில் திரும்பியவை, எத்தனை முதலிலேயே விட்டுப்போனவை? ஐரோப்பாவின் இ.ஓ.ஆர்.டி.சி. அமைப்பு நடத்திய 7 சோதனைகளின் 2,400-க்கும் மேற்பட்ட நோயாளிகளை பிராவுஸி குழு 2002-இல் அலசியது. ஒன்றுக்கு மேற்பட்ட கட்டி இருந்தவர்களில், முதல் சிஸ்டோஸ்கோப்பியில் கட்டி தெரிந்த விகிதம் ஒரு மருத்துவமனையில் சுமார் 7%, இன்னொன்றில் சுமார் 46%. மருந்து வேறுபாட்டால் மட்டும் இவ்வளவு இடைவெளி வராது. சுரண்டிய கை வேறு என்பதே பெரிய காரணம்.

ஆகவே நெறிமுறையில் இவை இருக்கட்டும். கட்டியின் மேல்பகுதியும் அடித்தளமும் தனித்தனிப் புட்டியில் போக வேண்டும். அடித்தளத் துண்டில் டெட்ரூஸர் தசை (பைச் சுவரின் தசை) இருக்கிறதா என்பதை நோயியல் அறிக்கை சொல்லியே ஆக வேண்டும். டி1 (மேல்படலத்துக்கு அடியில் இறங்கி, தசையைத் தொடாத கட்டி) என்றாலோ, தசை வரவில்லை என்றாலோ, 2 முதல் 6 வாரத்துக்குள் மறு டி.யூ.ஆர்.பி.டி. (சிறுநீர் வழியாகக் கட்டியைச் சுரண்டும் அறுவை) கட்டாயம். டி1-இல் மறுபடி சுரண்டினால் பாதிக்கு அருகில் மீதிக்கட்டி கிடைப்பதுண்டு, சிலருக்குத் தசைக்குள் இறங்கியிருப்பதும் அப்போதுதான் தெரியும். ரேண்டமைஸ் செய்வது (யாருக்கு எந்த மருந்து என்று குலுக்கல் முறையில் பிரிப்பது) இந்த மறு அறுவையின் முடிவு வந்த பிறகுதான், அதற்கு முன் வேண்டாம்.

நீல ஒளி சிஸ்டோஸ்கோப்பி இருந்தால் எல்லாருக்கும் செய்யுங்கள், இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம். பிரிட்டனின் ‘ஃபோட்டோ’ சோதனையில் 538 பேரைப் பிரித்துப் பார்த்தும் மூன்றாண்டில் கட்டி திரும்புவதில் வேறுபாடு வரவில்லை. என் கவலை பலனைப் பற்றியது அல்ல. ஒரு கையில் (ஒப்பிடும் குழுக்களில் ஒன்றில்) மட்டும் கூர்மையான கண்ணாடி போட்டுத் தேடினால் அந்தக் கையில்தான் அதிகம் கிடைக்கும்.

இன்னொன்று, அறுவை முடிந்த உடனே ஒரு டோஸ். அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வுக் கூட்டமைப்பான ஸ்வாக்கின் எஸ்0337 சோதனையில் 2 கிராம் ஜெம்சைடபினை 100 மி.லி. சலைனில் 3 மணி நேரத்துக்குள் செலுத்தி ஒரு மணி நேரம் வைத்தார்கள். 406 பேரில், நான்கு ஆண்டில் கட்டி திரும்பியது 35%, வெறும் சலைன் பெற்றவர்களில் 47%. லோ-கிரேடு என்று சந்தேகிக்கப்பட்ட கட்டிகளில் நடந்த சோதனை அது. உங்கள் ஆய்வில் சிலருக்கு அந்த டோஸ் போயிருக்கும், சிலருக்குப் போயிருக்காது. அனுமதிப்பதா, தடுப்பதா என்று முடிவெடுத்துப் பதிவுப் படிவத்தில் ஒரு கட்டம் ஒதுக்குங்கள். பை துளைபட்ட சந்தேகம் இருந்தால் அன்று எந்த மருந்தும் உள்ளே போகக் கூடாது.

---

கலவை அறை எழுதியது:

மருந்தகப் பக்கம்.

ஜெம்சைடபின் 1 கிராம், மொத்தம் 50 மி.லி. சலைனில். பொடியாக வருகிற 1 கிராம் வயலில் (மருந்துக் குப்பியில்) 25 மி.லி. சலைன் விட்டால் மில்லிக்கு 38 மி.கி., கன அளவு சுமார் 26.3 மி.லி. ஆகும். அதை 50-க்கு நிரப்பவும். பொடியைக் கரைத்த பிறகு குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், படிகம் கட்டிவிடும். காலையில் கலந்து ‘பத்திரமாக’ ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, பிற்பகல் நோயாளி வந்ததும் எடுப்பது வார்டுகளில் அடிக்கடி நடக்கிறது. சிரிஞ்சில் படிகம் கண்ணில் பட்டால் அந்த டோஸைக் கழித்துவிட வேண்டியதுதான், சூடுபடுத்திச் சரிசெய்ய முயல வேண்டாம்.

டோசிடாக்செல் 37.5 மி.கி., 50 மி.லி. சலைனில். வயல் மில்லிக்கு 20 மி.கி. என்றால் 1.88 மி.லி., 10 மி.கி. என்றால் 3.75 மி.லி. எடுக்க வேண்டும். இரண்டு செறிவும் சந்தையில் இருப்பதால், மி.லி. கணக்கில் மட்டும் மருந்துச் சீட்டு எழுதினால் டோஸ் இரட்டிப்பாகும் ஆபத்து உண்டு. எப்போதும் மி.கி.யில் எழுதுங்கள். கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம்: இந்தக் கலவையின் செறிவு மில்லிக்கு 0.75 மி.கி. நரம்புவழிக் கலவைக்கு மருந்துத்தாளில் சொல்லியிருக்கும் உச்சவரம்பு 0.74. அதாவது விளிம்பில் நிற்கிறோம். நேரம் போகப் போக மருந்து பிரிந்து வீழ்படிவாகும். கலந்தவுடன் பயன்படுத்தும்படி நேரத்தைத் திட்டமிடுங்கள். வேகமாகக் குலுக்கினால், மருந்தைக் கரைக்கச் சேர்த்திருக்கும் பாலிசார்பேட் நுரைக்கும், மெதுவாகப் புரட்டினால் போதும். அதே பாலிசார்பேட் பி.வி.சி. பையிலிருந்து டி.இ.எச்.பி. என்ற பிளாஸ்டிக் மென்மையாக்கியைக் கரைத்து இழுக்கும் என்பதால் பி.வி.சி. பை வேண்டாம், பாலிப்ரொப்பிலீன் சிரிஞ்சில் கொடுங்கள்.

வரிசை மாறக் கூடாது. முதலில் ஜெம்சைடபின், பிறகு டோசிடாக்செல். ஜெம்சைடபின் கரைசல் அமிலத்தன்மை கொண்டது, பி.எச். சுமார் 2.5 முதல் 3.5. பையின் மேல்படலத்தை அது கொஞ்சம் தளர்த்துவதால்தான் பெரிய மூலக்கூறான டோசிடாக்செல் உள்ளே இறங்குகிறது என்பது அந்த வரிசைக்குச் சொல்லப்படும் விளக்கம். எரிச்சலுக்குக் காரணமும் அதே அமிலம்தான். அயோவா முறையில் முந்தைய இரவு 1,300 மி.கி., அன்று காலை 1,300 மி.கி. சோடியம் பைகார்பனேட் வாய்வழி கொடுத்துச் சிறுநீரைக் காரமாக்குகிறார்கள். இங்கே 500, 1,000 மி.கி. மாத்திரைகள்தான் கைக்குக் கிடைக்கும், ஆகவே எத்தனை மாத்திரை என்பதைத் தெளிவாக எழுதிவிடுங்கள்.

ரேண்டமைஸ் ஆய்வு என்பதால் ஒரே நாளில் இரண்டு கை நோயாளிகளும் வருவார்கள். பி.சி.ஜி. உயிருள்ள கிருமி. கீமோ ஊசிகள் கலக்கும் கேபினெட்டில் அதைக் கரைக்கவே கூடாது. அப்படிக் கலந்த இடங்களில், எதிர்ப்புச் சக்தி குறைந்த வேறு நோயாளிகளுக்குப் பி.சி.ஜி. தொற்று வந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. தனி இடம், தனித் தட்டு வேண்டும், முடிந்தால் தனி நாளே ஒதுக்குங்கள்.

கதீட்டரைப் பொறுத்தவரை, ஒரே ஃபோலியை (பலூன் வைத்த கதீட்டரை) போட்டு கிளாம்ப் செய்து இரண்டு மருந்தையும் முடித்துவிடலாம் என்பது என் எண்ணம். திறப்பதும் மூடுவதும் குறையும், சிந்துவதும் குறையும்.

---

வார்டு 7 எழுதியது:

கலவை அறை சார் சொன்ன கடைசி விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஜெம்சைடபின் 60 முதல் 90 நிமிடம், டோசிடாக்செல் 90 முதல் 120 நிமிடம். இரண்டும் சேர்ந்தால் இரண்டரை முதல் மூன்றரை மணி நேரம். அவ்வளவு நேரம் பலூனோடு கதீட்டர் உள்ளே இருந்தால் பை இறுகும், கதீட்டரின் பக்கவாட்டில் மருந்து கசியும். தொடையில் கீமோ பட்டுத் தோல் சிவக்கும். கசிந்தது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது, தாளில் மட்டும் ‘முழு டோஸ்’ என்று ஏறிவிடும். ஜெம்சைடபினுக்குக் கதீட்டரை வைத்து கிளாம்ப் போடுங்கள். நேரம் முடிந்ததும் அதே வழியாக வடித்து, டோசிடாக்செலைச் செலுத்தியவுடன் கதீட்டரை எடுத்துவிடுங்கள். இரண்டாவது மருந்தை நோயாளியே அடக்கி வைத்துப் பிறகு கழித்துவிடுவார். அடிக்கடி முட்டுகிறது என்பவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்பே ஆக்ஸிபியூட்டினின் 5 மி.கி. கொடுக்கலாமா என்று மருத்துவரைக் கேட்டு ஆணை வாங்கி வையுங்கள். முட்டத் தொடங்கிய பிறகு கொடுத்துப் பயனில்லை.

செலுத்துவதற்கு முன்: நான்கு மணி நேரம் தண்ணீர், காபி குறைவு. நீர்மாத்திரை சாப்பிடுபவர்கள் அன்று எப்போது சாப்பிடுவது என்று மருத்துவர் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். காரணம் எளிய கணக்குதான். மணிக்கு 60 மி.லி. சிறுநீர் ஊறினால், 50 மி.லி. மருந்து ஒரு மணி நேரத்தில் பாதிச் செறிவுக்கும் கீழே போய்விடும். கதீட்டர் போட்டதும் பையை முழுக்க வடிக்க வேண்டும். ஆண்களில் புராஸ்டேட் பெரிதாக இருந்தால் மீதி நிற்கும், அடிவயிற்றை மெல்ல அழுத்தி வடிக்கவும். 12 அல்லது 14 ஃப்ரெஞ்ச் போதும்.

பக்கம் மாற்றி மாற்றிப் படுக்க வைப்பது பல இடங்களில் பழக்கம். சான்று மெலிதுதான், ஆனால் ஒரு கைக்குச் செய்தால் மறு கைக்கும் செய்யுங்கள்.

பி.சி.ஜி. கைக்குத் தனிக் கவனம் வேண்டும். டி.யூ.ஆர்.பி.டி. முடிந்து குறைந்தது இரண்டு வாரம் ஆகியிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ரத்தம், காய்ச்சல் அல்லது எரிச்சலோடு தொற்று, கதீட்டர் போடும்போது ரத்தம் — இதில் எது இருந்தாலும் அன்று பி.சி.ஜி. இல்லை, ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். ‘வந்துட்டாங்க, ரொம்ப தூரம்’ என்று இரக்கப்பட்டுச் செலுத்தினால் கிருமி ரத்தத்தில் ஏறும். தானாக இறங்கட்டும், சிரிஞ்சை அழுத்தாதீர்கள். குளோர்ஹெக்ஸிடின் கலந்த ஜெல்லி பி.சி.ஜி.யைக் கொல்லும், வெறும் ஜெல்லி பயன்படுத்துங்கள். சிப்ரோஃப்ளாக்ஸசின், ஆஃப்ளாக்ஸசின் போன்றவையும் அப்படித்தான். வழக்கமாக எழுதும் ‘கதீட்டருக்கு ஒரு மாத்திரை’யை இந்தக் கையில் நிறுத்துங்கள்.

இரண்டு மணி நேரம் கழித்து உட்கார்ந்தபடி சிறுநீர் கழிக்க வேண்டும். அடுத்த ஆறு மணி நேரம் ஒவ்வொரு முறையும் கழிப்பறையில் ப்ளீச் ஊற்றி 15 நிமிடம் விட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். கீமோ கைக்கு இரட்டைக் கையுறை. சிரிஞ்சு, கதீட்டர், பை எல்லாம் ‘சைட்டோடாக்ஸிக்’ ஒட்டிய மஞ்சள் பையில் போக வேண்டும்.

ஒரு வேண்டுகோள். செலுத்திய நேரம், வெளியேற்றிய நேரம் இரண்டையும் கடிகாரம் பார்த்து எழுதும் படிவம் கொடுங்கள். ‘2 மணி நேரம் – ஆம் / இல்லை’ என்று டிக் போடும் படிவம் கொடுத்தால் எல்லாருக்கும் ‘ஆம்’ என்றுதான் வரும்.

---

சராசரிக்கு அப்பால் எழுதியது:

வார்டு 7 மேடம் கடைசியாகக் கேட்டது புள்ளியியலுக்கும் உயிர்நாடி. ஏன் என்று சொல்கிறேன்.

பிரிட்ஜ் சோதனை ஜெம்–டோசி பி.சி.ஜி.யை விட மோசமில்லை என்று காட்டுவதற்காக வடிவமைத்தது, நான்-இன்ஃபீரியாரிட்டி வகை. சாதாரணச் சோதனையில் அலட்சியம் புது மருந்துக்கு எதிராக வேலை செய்யும்: டோஸ் தவறினால், கசிந்தால், இரண்டு கையும் ஒன்றுபோல் தெரியும், வெற்றி கைநழுவும். ஆகவே நடத்துபவருக்கே கவனமாக இருக்கக் காரணம் உண்டு. இந்த வகையில் நிலைமை தலைகீழ். இரண்டு கையும் ஒன்றுபோல் தெரிவதுதான் வெற்றி. எவ்வளவு ஒழுங்கீனமோ அவ்வளவு எளிதாக ‘மோசமில்லை’ என்று வந்துவிடும். அதனால் ரேண்டமைஸ் ஆன எல்லாரையும் சேர்த்த பகுப்பாய்வு மட்டும் போதாது, நெறிமுறைப்படி மருந்து பெற்றவர்களின் பகுப்பாய்வும் அதே திசையில் நிற்க வேண்டும். இரண்டாவதை மட்டும் நம்பவும் முடியாது, பாதியில் நிறுத்துபவர்கள் குலுக்கல் முறையில் நிறுத்துவதில்லை.

ஒப்பீட்டுக் கை வலுவாக இருக்க வேண்டும் என்பது அடுத்தது. ஸ்வாக் 8507 என்ற பி.சி.ஜி. சோதனையின் அட்டவணைப்படி முதல் 6 வாரம் 6 டோஸ். பிறகு பராமரிப்பாக 3, 6, 12, 18, 24, 30, 36 மாதங்களில் மும்மூன்று, மொத்தம் 27. அந்தச் சோதனையிலேயே பராமரிப்பு டோஸ்கள் அத்தனையையும் முடித்தவர்கள் 16% மட்டுமே. டோஸ் எண்ணிக்கையைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதை ‘நிம்பஸ்’ காட்டியது. முதல் சுற்றில் 6-க்குப் பதில் 3, பராமரிப்பிலும் 3-க்குப் பதில் 2 கொடுத்தார்கள். வழக்கமான கையில் 12%, குறைத்த கையில் 27% பேருக்குக் கட்டி திரும்பியது, சோதனையை நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆக, தட்டுப்பாடு என்று உங்கள் பி.சி.ஜி. கையில் டோஸ் தவறினால், நீங்கள் ஜெம்–டோசியை ஒப்பிடுவது நோஞ்சான் பி.சி.ஜி.யோடு. ஒரு நோயாளியைச் சேர்க்கும் முன் அவருக்கு வேண்டிய பி.சி.ஜி. முழுவதும் கையிருப்பில் ஒதுக்கியாக வேண்டும்.

பார்வை அட்டவணையும் ஒன்றாக இருக்கட்டும். ஜெம்–டோசி கையில் 6 வாரத்துக்குப் பிறகு மாதாமாதம் வருகிறார்கள். அடிக்கடி வருபவரிடம் அடிக்கடி ‘ஒரு சைட்டாலஜி (சிறுநீரில் புற்றுச் செல் தேடும் பரிசோதனை) அனுப்பிப் பார்ப்போம்’ என்று தோன்றும், கட்டி முன்கூட்டியே கண்ணில் படும். சிஸ்டோஸ்கோப்பியை ரேண்டமைஸ் ஆன தேதியிலிருந்து எண்ணுங்கள், இரு கைக்கும் முதல் இரண்டாண்டு 3 மாதத்துக்கு ஒருமுறை. மருந்து தள்ளிப்போனாலும் சிஸ்டோஸ்கோப்பி தள்ளிப்போகக் கூடாது.

எது ‘நிகழ்வு’ என்பதை இப்போதே எழுதுங்கள். லோ-கிரேடு டிஏ (மேல்படலத்தோடு நிற்கும், மெதுவாக வளரும் கட்டி) வந்தால் கணக்கா? சிறுநீர்க்குழாயில் வந்தால்? சி.ஐ.எஸ். (மேல்படலத்திலேயே தட்டையாகப் பரவும் ஹை-கிரேடு புற்று) உள்ளவர்களுக்கு 3 மாதத்தில் மறையவில்லை என்பதே தோல்வியா? ஸ்வாக் 8507-இல் சி.ஐ.எஸ். முழுக்க மறைந்தவர்கள் 3 மாதத்தில் 55%. பராமரிப்பு டோஸ் தொடர்ந்த கையில் 6 மாதத்தில் அது 84% ஆனது. 3 மாதத்தில் கதவைச் சாத்தினால் பி.சி.ஜி.க்கு அநீதி. சி.ஐ.எஸ். உண்டா இல்லையா என்பதை வைத்துப் பிரித்த பிறகு ரேண்டமைஸ் செய்யுங்கள்.

அயோவாவின் பழைய தரவைக் காட்டி மாதிரி அளவு கணக்கிடுவீர்கள் என்று நினைக்கிறேன். 2023-இல் வந்த ஒப்பீட்டில் இரண்டாண்டு ஹை-கிரேடு திரும்பாமை ஜெம்–டோசியில் 81%, பி.சி.ஜி.யில் 69%. அது பின்னோக்கிப் பார்த்த தரவு. யாருக்கு எது என்று தீர்மானித்தது குலுக்கல் அல்ல, காலமும் மருத்துவரும். அதிலிருந்து 12 புள்ளி வேறுபாட்டை எடுத்து மாதிரி அளவைச் சுருக்காதீர்கள். ஒரே மருத்துவமனையில் 60, 70 பேரை வைத்து ‘மோசமில்லை’ என்று நிரூபிக்க வழியே இல்லை. டோஸ் முடித்தவர் விகிதம், பக்கவிளைவு, நிறுத்தியவர் விகிதம் ஆகியவற்றை அளக்கும் ஆய்வாக எழுதுங்கள். அது நேர்மையான ஆய்வு.

---

வைகைக்கரை:

மிக்க நன்றி. மாதிரி அளவு பற்றிச் சொன்னது சுருக்கென்று தைத்தாலும் சரிதான், இலக்கை மாற்றுகிறேன். இம்யூனோதெரபி கேள்வி பாக்கி. அதோடு, இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குப் பைகார்பனேட் கொடுக்கலாமா?

---

ரெசெக்டோஸ்கோப்:

2025-இல் வந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பி.சி.ஜி.யோடு டுர்வாலுமாப் சேர்த்த ‘பொட்டோமக்’கில் 1,018 பேர், ஆபத்து விகிதம் 0.68 (தனிப் பி.சி.ஜி.யை விட ஆபத்து சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு). சசன்லிமாப் சேர்த்த ‘கிரெஸ்ட்’டிலும் 0.68. அட்டெஸோலிசுமாப் சேர்த்த ‘அல்பான்’ தோற்றது. ஆக எல்லா ஊசியும் ஒன்றல்ல.

பொட்டோமக்கில் இரண்டாண்டில் நோயின்றி இருந்தவர்கள் தோராயமாக 87%, தனிப் பி.சி.ஜி.யில் 82%. அந்த 5 புள்ளிக்கான விலை: மருந்தால் வந்த கடுமையான பக்கவிளைவு 21%, மறுபக்கம் 4%. தைராய்டு, அட்ரினல் பாதிப்பு சிலருக்கு வாழ்நாள் முழுக்க நிற்கும். இன்னொரு நுணுக்கம், அதே சோதனையின் மூன்றாவது கையில் பராமரிப்பு பி.சி.ஜி.யை விட்டுவிட்டு ஊசியை வைத்துக்கொண்டார்கள், பலன் வரவில்லை. பி.சி.ஜி. போதிய அளவு இல்லாத இடத்தில் இந்த வழி தட்டுப்பாட்டைத் தீர்க்காது, பி.சி.ஜி.யின் மேல் இன்னொரு செலவை ஏற்றும். ஜெம்சைடபினும் டோசிடாக்செலும் காப்புரிமை காலாவதியானவை, ஜெனெரிக்காக எங்கும் கிடைக்கும். வேறு கேள்விக்கு வேறு சோதனை.

பி.சி.ஜி. கேட்காமல் போனவர்களுக்கான நாடோஃபராஜீன், என்-803, டார்-200 எல்லாம் தனிக் கதை. அங்கே ஒப்பீட்டுக் கை இல்லாமலே சி.ஐ.எஸ். மறைந்த விகிதத்தை வைத்து அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். அந்த எண்களை உங்கள் அறிமுகப் பகுதியில் இந்த நோயாளிகளோடு கலந்துவிடாதீர்கள்.

---

ஸ்லைடு பெட்டி எழுதியது:

நோயியல் பக்கம் இரண்டே வரி. மருந்து செலுத்திய பின் சைட்டாலஜியில் ‘சந்தேகம்’ என்று வந்தால் அதை நிகழ்வாக எண்ணாதீர்கள், பயாப்ஸி உறுதி வேண்டும். பி.சி.ஜி. வாங்கிய பையில் செம்புள்ளியும் கிரானுலோமாவும் (அழற்சி முடிச்சும்) வெகு சாதாரணம், டாக்சேன் வகை மருந்தான டோசிடாக்செல் செல் பிரிவதை நடுவில் நிறுத்துவதால் அந்தக் கையிலும் மயக்கும் செல்கள் தெரியலாம். ஸ்லைடு பார்ப்பவருக்கு நோயாளி எந்தக் கை என்று தெரியக் கூடாது. நோயாளிக்கும் மருத்துவருக்கும் மறைக்க முடியாத ஆய்வில் மறைக்க முடிந்த ஒரே கண் அதுதான்.

---

கலவை அறை:

பைகார்பனேட் கேள்விக்கு: 1,300 மி.கி.யில் சுமார் 356 மி.கி. சோடியம், இரண்டு வேளைக்கு 700-க்கு மேல். ஒரு நாள் என்றால் சிலருக்குத் தாங்கும். ஆனால் முதல் சுற்றில் வாரம் தவறாமல் ஆறு முறை. உப்பு கட்டுப்படுத்தப்பட்டவர், கால் வீக்கத்தோடு வருபவர், சிறுநீரகம் பழுதானவர் ஆகியோருக்குத் தானாகக் கொடுக்கும் ஆணையாக இது இருக்கக் கூடாது. இதய மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் கொடுப்பதில்லை என்று எழுதுங்கள். கொடுக்காமல் விட்டாலும் ஜெம்–டோசி செலுத்தலாம், எரிச்சல் கூடும். யாருக்குக் கொடுக்கவில்லை என்பதைப் படிவத்தில் பதியுங்கள், இல்லையென்றால் எரிச்சல் விகிதத்தைக் கணக்கிடும்போது குழம்பும். வார்டு 7 சொன்ன கதீட்டர் முறையே நெறிமுறையில் இருக்கட்டும், கசிவு பற்றி அவர்கள் சொல்வது சரி.